மாத்திரைக்கு அப்புறம் மாண்டலின்

“மாத்திரை போட்டாச்சா?”

“ஆச்சு.”

“பால்?”

“ஆச்சு.”

“மாண்டலின்?”

இளையவள் ஊசியில் நூலைக் கோத்தாள். கணவரின் காக்கிச் சட்டைக்குப் பொத்தான் தைப்பதிலேயே கண்ணாக இருந்தாள். அவர் நகரப் பேருந்து ஓட்டுபவர். வண்டியை எடுக்குமுன் டயரைத் தட்டிப் பார்ப்பது, கண்ணாடியைத் துடைப்பது, பிரேக்கை மிதித்துப் பார்ப்பது என்று எதற்கும் ஒரு வரிசை வைத்திருக்கிற மனிதர். மனைவி படுக்கையை விட்டு எழுந்த நாளிலிருந்து அவளுக்கும் ஒரு வரிசை வைத்துவிட்டார். மாத்திரை, பால், வெயில் ஏறுமுன் மொட்டைமாடியில் ஒரு நடை, கடைசியாக மாண்டலின். டாக்டர் போகிற போக்கில், “பழையபடி ஏதாவது வாசிச்சீங்கன்னா மனசுக்கு நல்லதும்மா” என்று சொன்னதுதான் வினை. சீட்டில் எழுத மறந்த மருந்தாக அதை எடுத்துக்கொண்டுவிட்டார் டிரைவர்.

அன்றும் அவரே பெட்டியை எடுத்துவந்து திறந்து வைத்தார். தொப்பியை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். அவள் ஒவ்வொரு தந்தியாகத் திருகிச் சுருதி சேர்த்தாள்.

“ஆகா, பிரமாதம்!” என்றார்.

“இன்னும் ஆரம்பிக்கவே இல்லைங்க. சுருதிதான் சேர்த்தேன்.”

“சுருதிக்கே இப்படி இருக்குன்னா, பாட்டு எப்படி இருக்கும்!”

வேறு சமயமாக இருந்தால் அவள் சொல்லியிருக்கக்கூடிய பதிலுக்கு அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் ஓடியிருப்பார். ஆனால் காய்ச்சலில் கிடந்தவளை இரண்டு கையாலும் ஏந்தி மாடிப்படி இறங்கிய மனிதரிடம் எப்படி வெடுக்கென்று பேசுவது? கொஞ்ச நேரம் டொங்கு டொங்கென்று தட்டினாள். அவர் கைதட்டிவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போனார். அவள் பெட்டியை மூடினாள். மாத்திரை விழுங்கியதும் வாயில் ஒட்டியிருக்குமே ஒரு கசப்பு, அதுதான் விரலிலும் ஒட்டியிருந்தது.

புகுந்த வீட்டில் இரண்டாவது மருமகள் என்பதால் அவள் இளையவள். தெருவில் கண்ணாடிக்காரி. கடைத்தெருவில் உள்ள மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவள் வேலை. வட்டமாக வருகிற லென்ஸை, தண்ணீர் சொட்டிக்கொண்டே சுற்றும் கல்லில் விளிம்பு விளிம்பாகத் தேய்த்து, பிரேமுக்குள் இம்மியும் பிசகாமல் உட்கார வைக்க வேண்டும். ஒரு மயிரிழை கூடுதலாகத் தேய்ந்தால் லென்ஸ் லொடலொடவென்று ஆடும். குறைந்தால் பிரேம் பிளந்துகொள்ளும். இளையவள் தேய்த்த லென்ஸ் ஆடியதும் இல்லை, பிளந்ததும் இல்லை.

மாண்டலின் அவள் கைக்கு வந்த கதை கொஞ்சம் வேடிக்கையானது. அவள் அப்பா சைக்கிள் பழுது பார்ப்பவர். கழுத்து முறிந்த மாண்டலின் ஒன்றை யாரோ ஒரு வாடிக்கையாளர் கொண்டுவந்து, “நீதான் எதை வேணும்னாலும் ஒட்டுறியே, இதை ஒட்டு பாக்கலாம்” என்று கொடுத்துவிட்டுப் போனார். போனவர் போனவர்தான். அப்பா விடவில்லை. செயின் மூடியிலிருந்து ஒரு தகடு வெட்டிக் கழுத்தை நிமிர்த்தினார். தந்திக்கு எங்கே போவது? பிரேக் கம்பியின் புரியைப் பிரித்து, இழை இழையாகக் கட்டினார். அதில்தான் சின்ன வயதில் அவள் பழகினாள். அது தந்தியா, முள்வேலியா என்று கேட்கிற அளவுக்கு விரலைக் கிழிக்கும். “பாட்டு வருதோ இல்லையோ, பிரேக் நல்லாப் பிடிக்குது” என்று பக்கத்துக் கடைக்காரர் கிண்டல் செய்வார். நல்ல மாண்டலினும் நல்ல தந்தியும் கிடைத்த பிறகுகூட, கழுத்தை நெரிக்கிற மாதிரி அழுத்தி வாசிக்கிற பழக்கம் அவளை விட்டுப் போகவில்லை. அதனால் இடதுகை விரல் நுனிகள் எல்லாம் செருப்புத் தோல் மாதிரி காய்த்துக் கிடந்தன. கல்யாணமான புதிதில் டிரைவர் அந்த விரல்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “என் டயர்லகூட இவ்வளவு கெட்டியா ரப்பர் இல்ல” என்றார். அதை அவள் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டாள்.

அந்த வீட்டில் மூத்த மருமகள் ஒருத்தி இருந்தாள். மழலைப் பள்ளி ஆசிரியை. பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தர ஆர்மோனியம் கற்றவள். ஓரகத்திகள் இருவருக்கும் சண்டை வரும் என்று மாமியார் காத்துக்கொண்டிருந்ததில் தப்பில்லை. வரத்தான் செய்தது. ஆனால் அடுப்படிக்காக வரவில்லை, சுருதிக்காக வந்தது. “உன் தந்தி தூக்கலா இருக்குடி.” “உங்க பொட்டிதான்க்கா எறங்கிக் கெடக்கு.” இப்படியே சண்டை போட்டு, சண்டை போட்டு, ஒருத்தி இல்லாமல் மற்றவளுக்கு வாசிக்கவே வராது என்கிற நிலைக்கு வந்துவிட்டார்கள். தனித்தனிக் குடித்தனம் ஆன பிறகும் அது மாறவில்லை.

மாதம் ஒரு ஞாயிறு மாலை, வாசகசாலையில் செய்தித்தாள்களை மடித்து ஓரம் வைத்த பிறகு, இருவரும் உட்கார்ந்து வாசிப்பார்கள். பெரிய கூட்டம் என்று சொல்ல முடியாது. வழக்கமாக வருகிறவர்கள், மழைக்கு ஒதுங்கியவர்கள், முன்வரிசையில் தூங்குவதற்கென்றே வருகிற ஒரு பெரியவர். கடைசியில் இருவரும் சேர்ந்து கட்டிய மெட்டு ஒன்றை வாசித்து முடிப்பார்கள். அதன் நடுவில் ஒரு ஏற்றம் உண்டு. மாண்டலின் கீழ்க்கட்டையிலிருந்து ஒரே மூச்சில் உச்சிக்கு ஏறி, அங்கிருந்து குதித்து இறங்க வேண்டும். அந்த இடத்துக்கு வரும்போது பெரியவரே ஒரு கண்ணைத் திறப்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் டைபாய்டு வந்தது. வந்தது, போவதுபோல் போக்குக் காட்டியது, முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பி வந்தது. தலையணையெல்லாம் முடி. எழுந்து உட்கார்ந்தால் அறை சுற்றியது. காய்ச்சல் ஒருவழியாகத் தணிந்தபோது உள்ளங்கைத் தோல் உரிய ஆரம்பித்தது. பல வருஷமாகச் சேர்த்துவைத்த காய்ப்பு, வெங்காயச் சருகு மாதிரி கழன்று போர்வையில் கிடந்தது. மூத்தவள் அந்த விரல்களைப் பிடித்துப் பார்த்து, “பச்சைப் புள்ளை வெரலு மாதிரி இருக்குடி. பேசாம எங்க பள்ளிக்கூடத்துல வந்து சேர்ந்துடு” என்றாள். சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். இளையவளும் சிரித்து வைத்தாள்.

உடம்பு தேறியது. கடைக்குத் திரும்பினாள். முதலாளி முதலில் திருகாணி முடுக்குகிற லேசான வேலையாகக் கொடுத்தார். பிறகு பழைய கல்லிலேயே உட்கார வைத்தார். கை நடுங்கவில்லை. லென்ஸ் முன்போலவே பிரேமில் சொன்னபடி கேட்டு உட்கார்ந்தது. அதனால் கையைக் குற்றம் சொல்ல வழியில்லாமல் போயிற்று. வேலை திரும்பி வந்தது, பசி வந்தது, தூக்கம் வந்தது, முடிகூட முளைத்துவிட்டது. மாண்டலினை எடுக்க வேண்டும் என்கிற ஆசை மட்டும் எங்கே போய் ஒளிந்துகொண்டதோ, வரவேயில்லை.

வாசகசாலை ஞாயிறு வர இருந்த வாரத்தின் தொடக்கத்தில் மூத்தவள் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வந்தாள். கட்டிலில் உட்கார்ந்து உரித்துக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

“இத்தனை மாசமா நாற்காலி காலியாக் கெடக்கேன்னு வாசகசாலைக்காரர் கேட்டுட்டாருடி. வர்ற ஞாயித்துக்கிழமை நீங்க ரெண்டு பேருமா, இல்ல ஆளை மாத்துறீங்களான்னு. புதன்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லணுமாம்.”

“மாத்துறதுன்னா யாரு?”

“வேற யாரு, எலக்ட்ரிக் கடைக்காரர்தான். கீபோர்டைத் தொடச்சு வெச்சுக்கிட்டுத் தயாரா நிக்கிறார். அதுல எல்லாமே இருக்காம். புல்லாங்குழல், டிரம்மு, ரயில் போற சத்தம்கூட.”

“நல்லதுதானே.”

“என்னடி நல்லது? அவரு ஒருதடவை உக்காந்தாருன்னா எழுந்திரிக்க மாட்டாரு, உனக்கே தெரியும். அப்புறம் அந்த நாற்காலி உனக்கு இல்ல.”

“உக்காரட்டுமேக்கா.”

மூத்தவளின் கையில் உரித்த சுளை அப்படியே நின்றது. “நீ சண்டைக்கு வருவேன்னு நெனச்சேன். அதுக்காகத்தான் ரயில் சத்தத்தை எல்லாம் சொன்னேன்.”

“எதுக்குச் சண்டை?”

“வெரல் வலிக்குதா?”

“வலிக்கத்தான் வலிக்குது. அதுக்காக இல்ல.” இளையவள் கொஞ்சம் யோசித்தாள். “அழுக்குத் துணியை ஊறப்போட்டுட்டு, ஐயோ தொவைக்கணுமேன்னு இருக்கும்ல. பொட்டியைத் தொறக்கறப்போ எனக்கு அப்படித்தான்க்கா இருக்கு.”

மூத்தவள் தோலைத் திரட்டிப் பையில் போட்டாள். சுளைகளைத் தட்டில் அடுக்கி வைத்தாள். “புதன் சாயங்காலம் வரைக்கும் நான் வாயைத் தொறக்க மாட்டேன். அதுக்கப்புறம் உன் இஷ்டம்” என்று சொல்லி எழுந்து போனாள்.

இளையவள் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தாள். இப்போது அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். கொஞ்சம் பொறாமையாவது வரும், அந்தக் கீபோர்டின் மேல் ஒரு எரிச்சலாவது வரும் என்று பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. ஆரஞ்சுச் சுளை நன்றாக இனித்தது, அவ்வளவுதான். காய்ச்சல் உச்சத்தில் இருந்தபோதுகூட வராத பயம் அப்போதுதான் அவளுக்கு வந்தது. வாசிக்க முடியாமல் போனால் அழலாம். வாசிக்கவே வேண்டாம் என்று ஆகிப்போனவள் எதைச் சொல்லி அழுவாள்?

புதன்கிழமை கண்ணாடிக் கடைக்கு விடுமுறை. டிரைவர் வழக்கமான கேள்விகளைக் கேட்டுவிட்டுப் போயிருந்தார். இளையவள் துவைத்து உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். வெளியே மாடிப்படியில் பெயிண்டர் வேலை செய்யும் சத்தம் கேட்டது. கீழ்வீட்டுக்காரர்தான், அந்தக் கட்டிடத்தின் படிக்கட்டுச் சுவருக்கு அவரையே வண்ணம் அடிக்கச் சொல்லியிருந்தார்கள். கீழிருந்து சுவரின் பள்ளங்களை அடைத்துப் பட்டி பார்த்துக்கொண்டே வந்தவர், அன்று அவள் வாசலுக்கு வந்து சேர்ந்திருந்தார். உப்புத்தாள் சர் சர்ரென்று தேய்ந்தது. கூடவே விசில்.

முதலில் அவள் அதைக் காதில் வாங்கவில்லை. பிறகு மடித்துக்கொண்டிருந்த துண்டு கையிலேயே நின்றது. அது அவர்களுடைய மெட்டு. அவளும் மூத்தவளும் கட்டியது. விசில் நன்றாகவே போயிற்று, ஏற்றத்துக்கு வந்தது, கொஞ்சம் ஏறி நின்றது. திரும்ப அடியிலிருந்து ஏறி, திரும்ப நின்றது. மூன்றாவது முறை ஏறி உச்சிக்குப் போய்க் குதித்து இறங்கியது.

‘தப்பாப் போகுதே’ என்று நினைத்தாள். ஒரு சட்டையை மடித்தாள். விசில் மறுபடி முதலிலிருந்து வந்தது. அதே இடம், அதே மாதிரி. பொறுக்க முடியாமல் கதவைத் திறந்தாள்.

ஏணியில் நின்ற பெயிண்டர் திரும்பிப் பார்த்தார். புருவம், மீசை எல்லாம் வெள்ளைத் தூள். “அடடா, தொந்தரவா இருக்கா தங்கச்சி? நிறுத்திடுறேன். கை வேலை செஞ்சா வாய் சும்மா இருக்காது எனக்கு.”

“தொந்தரவெல்லாம் இல்லண்ணே. அது என்ன பாட்டு?”

“என்ன இப்படிக் கேக்குறே? உன் பாட்டுதான். எத்தனை வருஷமா கீழ உக்காந்து கேக்குறேன்! நீ படுத்ததுல இருந்து சத்தம் இல்லையா, அதான் நானே அடிச்சுக்கிறேன்.”

“நடுவுல நிறுத்தி நிறுத்தி என்னமோ பண்ணுறீங்களே?”

“ஓ, அதுவா!” பெயிண்டரின் முகம் மலர்ந்தது. பட்டித் தகட்டால் காற்றில் மூன்று முறை தட்டிக் காட்டினார். “ஒருத்தன் வந்து கதவைத் தட்டுறான், தொறக்கல. மறுபடி தட்டுறான், தொறக்கல. மூணாவது தடவை தள்ளிக்கிட்டு உள்ள போயிடுறான். அந்த இடம்தான் தங்கச்சி உசுரு.”

“அண்ணே, அது பாட்டுலயே இல்ல.”

“இருக்கே!”

“இல்லண்ணே. வெரல் போகாம தடுக்கித் தடுக்கி, திரும்பத் திரும்ப ஆரம்பிச்சிருக்கேன். பழகுனது அது!”

பெயிண்டர் ஏணியிலிருந்து ஒரு படி இறங்கி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “இத்தனை வருஷமா, தெனமும் அதே இடத்துலயா தடுக்குன?”

இளையவளுக்குக் காது மடல் சூடாயிற்று. “வாசகசாலைக்கு வந்து கேட்டிருந்தீங்கன்னா தெரிஞ்சிருக்கும். அங்க ஒரே மூச்சுல ஏறுவேன்.”

“ஞாயித்துக்கிழமை நான் மீன் பிடிக்கப் போயிடுவேனே. எனக்கு வீட்டுல கேட்டதுதான் கணக்கு. கோவிச்சுக்காதே, நீ சொல்ற மாதிரி ஒரே மூச்சுல ஏறுனா அது உப்புச்சப்பில்லாத பாட்டு.”

உப்புச்சப்பில்லாத பாட்டா? நாள்கணக்கில் இரண்டு பேர் தலைமுடியைப் பிடித்துக்கொள்ளாத குறையாகச் சண்டை போட்டுக் கட்டிய மெட்டு! “இருங்க அங்கயே” என்று சொல்லி உள்ளே போனாள். பெட்டியைத் திறந்ததோ, சுருதி பார்த்ததோ அவளுக்கே நினைவில்லை. வந்து மாடிப்படியில், பட்டித் தூள்மேலேயே உட்கார்ந்தாள்.

“இப்போ கேளுங்க.”

ஆரம்பம் பரவாயில்லை. புதுத் தோல் என்பதால் தந்தி ஒவ்வொன்றும் கத்தி மாதிரி வெட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு போனாள். ஏற்றம் வந்தது. மோதிர விரல் வழுக்கியது, நின்றாள். திரும்ப ஆரம்பித்தாள், திரும்ப வழுக்கியது. மூன்றாவது முறை எப்படியோ உருண்டு புரண்டு உச்சிக்குப் போய் விழுந்தாள்.

“நான் சொன்னேன்ல!” என்று பெயிண்டர் ஏணியில் அடித்தார். “மூணு தடவை! எண்ணிக்கிட்டேதான் இருந்தேன்.”

“இல்லண்ணே, இப்போ வெரல் சரியில்ல, அதனாலதான்...”

“உன் கையே ஒத்துக்கிச்சு. நீதான் ஒத்துக்க மாட்டேங்கிற.”

இளையவள் சிரித்துவிட்டாள். யாருக்காகவோ சிரித்து வைக்கிற சிரிப்பு இல்லை; வயிற்றிலிருந்து வந்து தோளைக் குலுக்குகிற சிரிப்பு. பட்டித் தூள் மூக்கில் ஏறி இருமினாள், இருமிக்கொண்டே சிரித்தாள். “போயிடாதீங்க. சரியா வாசிச்சுக் காட்டாம விட மாட்டேன்.”

“நான் எங்க போறது? செவரு காயணும்ல.”

மெதுவாக வாசித்துப் பார்த்தாள். மோதிர விரலுக்குப் பதில் சுண்டுவிரலைப் போட்டுப் பார்த்தாள். கொஞ்சம் வழி தெரிந்த மாதிரி இருந்தது, தெரிந்ததும் மறைந்தது. பெயிண்டர் வேலையைத் தொடர்ந்தார். “அண்ணே, அந்த உப்புத்தாளைக் கொஞ்சம் நிறுத்துங்க, காதுல விழ மாட்டேங்குது” என்று அவரையே அதட்டினாள். அவர் பட்டித் தகட்டைக் கழுவப் போய்விட்டார்.

காலை ஷிப்டை முடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வந்த டிரைவர் படி ஏறும்போதே பார்த்தார். மனைவி கூந்தலில் வெள்ளைத் தூளோடு, உதட்டைக் கடித்துக்கொண்டு, படியில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். தந்தி பிசகிக் கிரீச்சிட்டது.

“பிரமாதம்!” என்றார் பழக்கதோஷத்தில்.

“என்ன பிரமாதம்? அபஸ்வரமா அடிச்சிருக்கேன். காதுன்னு ஒண்ணு இருக்கா உங்களுக்கு?”

டிரைவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். எத்தனை மாதமாயிற்று இந்தக் குரலைக் கேட்டு! முகத்தில் வந்த சிரிப்பை மறைக்கக்கூடத் தெரியாமல், “மத்தியான மாத்திரை...” என்று இழுத்தார்.

“போடுறேன். நகருங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க.”

அவர் நகர்ந்து, இரண்டு படி கீழே உட்கார்ந்துகொண்டார். பிரமாதம் என்ற சொல்லை மட்டும் வாயிலேயே போட்டு மென்று விழுங்கிவிட்டார்.

அவள் மூத்தவளுக்குப் போன் செய்தபோது பள்ளி விட்டிருந்தது. பின்னால் பிள்ளைகளின் இரைச்சல்.

“அக்கா, வாசகசாலைக்காரர்கிட்ட சொல்லிட்டீங்களா?”

“இன்னும் சாயங்காலம் ஆகலையே.”

“ரெண்டு பேருமே வர்றோம்னு சொல்லுங்க.”

அந்தப் பக்கம் பிள்ளைகளை வரிசையில் நிற்கச் சொல்லி அதட்டுவது கேட்டது. பிறகு மூத்தவள், “வெரல் தேறிடுமாடி ஞாயித்துக்கிழமைக்குள்ள?” என்றாள்.

“தேறாது.”

“அப்புறம்?”

“தேறாட்டித் தப்பா வாசிக்கிறேன். எல்லாரும் பார்க்கட்டும். ஆனா அந்த நாற்காலியில வேற ஒருத்தர் உக்காந்து ரயில் விடுறதை என்னால பார்க்க முடியாதுக்கா.”

மூத்தவள் வீட்டுக்குப் போகவேயில்லை. பள்ளிக்கூடத்து ஆர்மோனியத்தை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நேரே வந்து இறங்கினாள். டிரைவரும் பெயிண்டரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மாடிக்குத் தூக்கிவந்தார்கள். பெயிண்டர் விட்டுவிட்டுப் போயிருக்கலாம். நின்று, தன் விசிலையும் ஒருமுறை அடித்துக் காட்டிவிட்டுத்தான் போனார். மூத்தவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

“நல்லாத்தாண்டி இருக்கு. அப்படியே வெச்சுக்கலாம்.”

“தப்பை எல்லாம் வெச்சுக்கிட்டா அதுக்குப் பேரு பாட்டா?”

“கேக்குறதுக்கு நல்லா இருந்தா என்ன தப்பு?”

“உங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க தப்பாப் பாடுனா இப்படித்தான் சொல்லுவீங்களா?”

“அவங்க உன்னை மாதிரி எதிர்த்துப் பேச மாட்டாங்க.”

டிரைவர் தேநீர் வைத்துக் கொடுத்தார். ஆறிப்போயிற்று, சூடு பண்ணிக் கொடுத்தார், அதுவும் ஆறியது. ஜன்னலில் வெளிச்சம் மஞ்சளாகி, மங்கி, அவர் எழுந்து விளக்கைப் போட வேண்டியதாயிற்று. ஏற்றம் ஒரு முறை நன்றாக வந்தது, அடுத்த முறை கவிழ்ந்தது. வந்தபோது ஆளுக்கொரு பக்கம் பெருமை எடுத்துக்கொண்டார்கள். கவிழ்ந்தபோது ஒருத்தி மேல் ஒருத்தி பழி போட்டார்கள்.

கடைசியில் மூத்தவள் கட்டையிலிருந்து கையை எடுத்தாள். “போதும்டி. வெரலைப் பாரு, மிளகாய்ப்பழம் மாதிரி செவந்து கெடக்கு. ரத்தம் வந்துடப் போகுது.”

இளையவள் விரல்களை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். நுனி ஒவ்வொன்றிலும் தந்தியின் கோடு ஆழமாகப் பதிந்திருந்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“இன்னும் ஒரே ஒரு தடவை.”

“இதையேதான் அப்போ பிடிச்சுச் சொல்றே.”

“இந்தத் தடவை வந்துடும்க்கா. நீங்க அவசரப்படாம காத்தைப் பிடிச்சு வெச்சுக்கோங்க, நான் மேல போய்ச் சேர்ற வரைக்கும்.”

மூத்தவள் பெருமூச்சு விட்டாள். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, இடது கையை ஆர்மோனியத்தின் பின்னால் கொண்டுபோய்த் துருத்தியை மெல்ல இழுத்தாள்.